கயலின் அட்டவணையில் என் பெயர்

நேற்று சாயங்காலம் காற்று மணலி ஆலைகள் இருக்கும் மேற்குப் பக்கமிருந்து வீசத் தொடங்கியது. அழுகிய முட்டையும் கெரசினும் கலந்த அந்த வாடை வீட்டுக்குள் நுழைந்ததும் எழுந்துபோய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினேன். "மணலி வாயைத் தொறந்துட்டான்யா, சீக்கிரம் சாத்து" என்று நீ இருந்தவரை அடுப்படியிலிருந்து கத்துவாய். நான் ஒன்றைச் சாத்துவதற்குள் நீ மூன்றைச் சாத்திவிட்டு, ஈரத் துண்டைக் கதவிடுக்கில் செருகிக்கொண்டிருப்பாய். நேற்று கடைசி ஜன்னலைச் சாத்திவிட்டு, அதன் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். மூச்சு வந்து சேரவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ போன பிறகு இந்த வீட்டில் முடிவெடுக்கத் தெரிந்த ஆள் இல்லை. அது உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நம் கயல் வருகிறாள். அதற்குள் நான் ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும்.

அவள் துறைமுக யார்டில் கன்டெய்னர் அடுக்கும் கிரேனில் ஏறிய புதிதில் நீ இருந்தாய். "அம்மாம் உசரத்துல ஒண்ணுக்கு வந்தா இன்னாடி பண்ணுவ?" என்று நீ கேட்டதும், "உன் டிபன் பாக்ஸ எடுத்துனு போறேன்ல, அதுக்குத்தான்" என்று அவள் சொன்னதும், நீ கரண்டியோடு அவளைத் துரத்தியதும் நினைவிருக்கிறது. இப்போது அவளைப் பெரிய கிரேனுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கப்பலிலிருந்தே பெட்டியைத் தூக்குகிற கிரேன். அந்த முனையத்தில் இதுவரை ஒரு பெண்ணும் அதில் உட்கார்ந்ததில்லை. பயிற்சியும் அதன் பிறகு கட்டாயம் வேலை செய்ய வேண்டிய காலமும் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகும். நடுவில் கர்ப்பம் என்றால் உடனே கீழே இறக்கிவிடுவார்கள். அவளுடைய இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இன்னொரு பக்கம், அவளுக்கு முப்பத்தைந்து ஆகப்போகிறது. திருவொற்றியூரில் ஒரு பெண் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போயிருக்கிறாள். கருமுட்டை அவள் வயதுக்கு இருக்க வேண்டிய அளவு இல்லையாம். "வேலையைத் தள்ளிப் போடலாம்மா. இதைத் தள்ளிப் போட்டா நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு அவளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தபோது இதையெல்லாம் சொன்னாள். வஞ்சிர மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள்.

"நைனா, நீ கம்பெனில பிளான் போட்டவன்தானே. எனக்கு ஒண்ணு போட்டுக் குடு."

என்னை 'அப்பா' என்று கூப்பிட வைக்க நான் எவ்வளவோ முயன்றேன். நீதான் கெடுத்தாய்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். எண்ணூர் ஆலையை வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பழுது பார்க்கும்போது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, அதற்கு யார் என்று அட்டவணை போடுவேன். அதே மாதிரி கோடு போட்டேன். ஒரு வரிசையில் பெரிய கிரேன், இன்னொரு வரிசையில் குழந்தை. இப்போதே முயன்றால் ஒரு படம். இரண்டு வருஷம் கழித்து முயன்றால் இன்னொரு படம். முதல் படத்தில் கிரேனின் கோடு பாதியில் அறுந்துபோனது. இரண்டாவதில் குழந்தை இருக்க வேண்டிய கட்டத்தில் நான் கேள்விக்குறி போட்டேன். பென்சில் முனை உடைந்தது.

மாப்பிள்ளை சரவணன் நல்ல பிள்ளை. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை. "நான் லீவு போட்டு கொழந்தைய பாத்துக்கறேன் மாமா" என்றார்.

"எத்தினி நாளைக்கு குடுப்பான்? பெரம்பூர்ல எங்க நைனாவா உனுக்கு ஆபீசரு?" என்றாள் கயல்.

சரவணனின் அம்மாவும் உயிரோடு இல்லை, நீயும் இல்லை. கயல் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, இரண்டு படத்திலும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்' என்ற இடத்தில் 'நைனா' என்று எழுதினாள். யோசிக்கவே இல்லை. மின்விசிறியைப் போடுவதுபோல் சாதாரணமாக எழுதினாள்.

என் பழைய மேலதிகாரி ஒருவர் சொல்வார். ஒரு வேலைக்கு எதிரே ஒரே ஒரு ஆளின் பெயர்தான் இருக்கிறது என்றால், அது அட்டவணை இல்லை, வேண்டுதல். அந்த ஆள் வரவில்லை என்றால் யார் என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்று நான் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. "சரிம்மா" என்றேன்.

இனி நான் உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்துக்கு முன் நுரையீரல் டாக்டரிடம் தனியாகப் போனேன். இருமலுக்கு மருந்து வாங்கத்தான் போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் கெட்டிப்பட்டு வருகிறது என்றார். திரும்பச் சரியாகாது, மெதுவாக்கலாம், அவ்வளவுதான். மாடிப்படி கூடாது, கனம் தூக்கக் கூடாது. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைக்க வேண்டியிருக்கலாம். "கூட யாரும் வரலையா சார்?" என்று கேட்டார். அடுத்த முறை கூட்டி வருகிறேன் என்றேன்.

சொன்னால் அவள் எனக்காகப் பெரிய கிரேனை விட்டுவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால், இல்லாத ஆளை நம்பி அவள் தன் வாழ்க்கையைத் திட்டமிடுகிறாள். எப்படிப் போட்டாலும் கோடு இடிக்கிறது. ராத்திரியும் பகலும் இதுதான். நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசிக்கிறேன், உன் குரல் கிடைக்கிறது, சொல் கிடைக்கவில்லை.

நம் விஷயத்தில் நாம் என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்த்தேன். ராயபுரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் கம்பெனியில் உனக்கு லைன் சூப்பர்வைசர் வேலை தருவதாகப் பேச்சு நடந்த வருஷம். அப்போதும் நான் ஒரு அட்டவணையோடுதான் வந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இன்னாயா, கொழந்தைக்குக் கூடவா டைம் டேபிள்? ஆறு மணி வண்டில வந்து எறங்குமா?" என்றாய். வரும்போது வரட்டும் என்றாய். கயல் வந்தாள். சூப்பர்வைசர் வேலை, நீ மெஷின் பழக்கிவிட்ட பெண்ணுக்குப் போனது. குழந்தையை உன் அக்காவிடம் காசிமேட்டில் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கீழே அதே மெஷினில் போய் உட்கார்ந்தாய்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் உனக்காகக் காத்திருந்தேன். நீ வந்து, பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கடல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "புள்ளையும் வோணும், அந்த நாற்காலியும் வோணும்னு இருந்துச்சுயா. ஒண்ணு வந்து குந்தினா இன்னொண்ணு எழுந்து போய்டுது." நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்றுதான் சொன்னேன். ஏறியதும் நீ, "இத்த அவளாண்ட என்னிக்கும் சொல்லாத" என்றாய். கயலுக்கு அப்போது பேச்சே வரவில்லை.

இங்கே எழுதுவதை நிறுத்தி வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. அவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சத்தை எழுதுகிறேன்.

என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றும்போதே எல்லாம் வரிசை தப்பி வாயில் வந்துவிட்டது. "கயலு, என் பேரை அடிச்சுடும்மா. எனக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு. குழந்தையைத் தூக்க முடியாது" என்றேன். ஒரு செருப்போடு நின்றாள்.

டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்ல வைத்தாள். சரவணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார் மெதுவாக.

கயல் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "அப்போ, நான் கப்பலாண்ட இருக்கும்போது கொழந்தைய யாரு பாப்பாங்கன்றது ஒண்ணு. உன்ன யாரு பாப்பாங்கன்றது இன்னொண்ணு. அத்த எங்க எழுதின நைனா, உன் பிளான்ல? அதுக்கு ஒரு கோடு போட்டியா?" என்றாள். "படில மூச்சு வாங்கறத பாத்துக்கினுதான் இருந்தேன். வயசாச்சுன்னு நெனச்சேன். என்ன முட்டாளாக்கிட்ட."

நான் போடவில்லை. அத்தனை கோடுகளில், படுத்துவிட்ட கிழவனுக்கு என்று ஒரு கோடு போட எனக்குத் தோன்றவே இல்லை. என்னை விலக்கினால் அவள் சுமை குறையும் என்று நினைத்தேன். சொன்ன அந்த நிமிஷத்தில் நானே இன்னொரு சுமையாகி அவள் மேல் உட்கார்ந்தேன்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "என்ன பெத்ததுக்கு அம்மா வருத்தப்பட்டுச்சா? சூப்பர்வைசர் வேலை போச்சுன்னு பெரீம்மா ஒருவாட்டி சொல்லிச்சு."

என்னை மன்னித்துவிடு. உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். அவளிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "நாற்காலிக்காக வருத்தப்பட்டா. உனக்காக ஒருநாளும் வருத்தப்படலை" என்றேன். அவள் என் கையை எடுத்து, அவள் சின்னவளாக இருந்தபோது நீ செய்வதுபோல், நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு குறைந்து நகம் நீலமாகியிருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

போகும்போது வாசலில் நின்று முடிவைச் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். நாளைக்குப் பயிற்சியில் சேரப் போகிறாள். குழந்தைக்கும் இந்த மாசமே முயற்சி செய்யப் போகிறார்கள். "உண்டானா அவுங்களா என்ன எறக்கி வுடட்டும். நானா எறங்க மாட்டேன்."

சரவணன் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர்கள் இறக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இல்லையென்றால், அவள் ஏறிக்கொண்டே இருப்பாள், குழந்தை வராது. இரண்டில் எது நடந்தாலும் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் எனக்கு எவ்வளவு காலம் என்றும் தெரியாது. "எனக்காக இப்படி அவசரப்படுறியாம்மா?" என்று கேட்டேன். "உனக்காக ஒண்ணும் இல்ல, போ" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். உன்னிடமிருந்து வந்தது. பொய் சொல்லும்போது மட்டும் வரும்.

கீழே இறங்கியவள் கொஞ்ச நேரத்தில் தானே திரும்ப வந்தாள். தெருமுனை மருந்துக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சாமான் வாங்கி வந்திருந்தாள். மூன்று கண்ணாடிக் குழாய் மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பந்து. வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும்.

"டாக்டராண்ட அடுத்த வாட்டி நானும் வரேன். அதுவரிக்கும் தெனம் இத்த இழு. மூணு பந்தும் மேல நிக்கணும். அதான் உன் வேல. மத்ததெல்லாம் என் வேல" என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினாள். அவளுக்கு மத்தியான ஷிப்ட்.

பெரிய உதவி எதுவும் என்னால் அவளுக்குச் செய்ய முடியாது. உயிரோடு இருப்பதைத் தவிர வேறு வேலை எனக்குத் தரப்படவில்லை. அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை இறுக்கி, மெதுவாக இழுக்கிறேன். முதல் பந்து எழுந்து நிற்கிறது. இரண்டாவது பாதி வரை வந்து நடுங்குகிறது. மூன்றாவது இன்னும் அசையவில்லை.