லைட் அடித்தும் கண்டுகொள்ளாத வண்டி

ஆகஸ்ட் 3, ஞாயிறு
போடிமெட்டு ஏறும்போது எதிரே ஒரு வேகன் கார்! என்னுடையதைப் போலவே வெளிநாட்டு இறக்குமதி, கூரை பின்கதவு வரை நீளும் அதே உடம்பு. சாம்பல் நிறம், கேரளப் பதிவெண். இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் வைத்திருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்? எதிர்ப்பட்டால் இரண்டு தடவை லைட் அடித்துக் கையைத் தூக்குவது எங்கள் வேகன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவின் வழக்கம். அடித்தேன். பதில் இல்லை. பனியில் முகமும் தெரியவில்லை.

மகாராணியிடம் சொன்னேன். "பொண வண்டி மாதிரி இருக்கு, இதுக்கு ஒரு சங்கம் வேற" என்றாள். கட்டிய மனைவிக்கே அருமை தெரியவில்லை.

ஆகஸ்ட் 10
மறுபடியும் அவன். உரசாத குறையாகக் கடந்து போனான். குழுவில் எழுதினேன்: "போடிமெட்டில் ஒரு திமிர் பிடித்தவன்." மதுரை ஜெகதீஷ், "விடாதண்ணே, நிறுத்திக் கேளு" என்று உசுப்பேற்றினார்.

ஆகஸ்ட் 14, வியாழன்
என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஏலக்காய் எடுக்க மேலே போய்க்கொண்டிருந்தேன். சாம்பல் வண்டி இறங்கி வருவது தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் என் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, இறங்கி, சிரித்தபடி கையைத் தூக்கினேன். சிரித்தபடி!

கண்ணாடி இறங்கியது. ஓட்டி வந்தது ஒரு பெண்.

"கிறுக்கா புடிச்சிருக்கு? வண்டிய எடுய்யா! பாம்பு கடிச்ச ஆளு கெடக்கு!"

மடக்கிய பின்சீட்டின் மேல் சாக்கு விரித்து ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். கால் வீங்கியிருந்தது, ஈறில் ரத்தம். பதற்றத்தில் எனக்கு ரிவர்ஸ் விழவில்லை. பின்னால் ஒரு லோடு ஜீப்பு வந்து ஒட்டி நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் போனது? ரொம்ப நேரம்.

அவள் செத்துப்போனால்?

ஆகஸ்ட் 15
தூங்கவில்லை. மகாராணி திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16
விசாரித்துக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் மாயக்காள், ஏலத் தோட்டத்தில் காய் பறிப்பவர். சிறுநீரகம் நின்றுவிட்டது, டயாலிசிஸ் ஓடுகிறது. ஓட்டி வந்தவர் சந்திரவல்லி, தோட்டத்துக்காரர். என்னால்தான் தாமதமா என்று கேட்டேன்.

"டாக்டர்ட்ட நானும் கேட்டேன். இருக்கலாம்னாரு."

பொய் சொல்லித் தேற்றவில்லை.

"ஜீப்புல ஆள நீட்டிப் படுக்க வைக்க முடியாது. அதுக்குத்தான் இந்த வண்டிய வாங்குனேன். ஒங்களுக்கு லைட் அடிக்க எனக்கு எங்க கை ஒழிஞ்சது?" என்றவர், போகும்போது திரும்பினார். "ஒங்களுதும் அதே வண்டிதான? நம்பரக் குடுங்க."

ஆகஸ்ட் 24
டயாலிசிஸ் நிற்கவில்லை. அந்த வளைவில் இப்போதெல்லாம் ஓரம் ஒதுங்கியே போகிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்
மாயக்காளுக்குச் சிறுநீர் பிரிந்துவிட்டது! பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். ஒருவர் ஒன்றுக்குப் போனதற்கு நான் அழுவேன் என்று யார் நினைத்தது?

செப்டம்பர் 21, ஞாயிறு
காலையில் சந்திரவல்லி போன். "என் வண்டி ஒர்க்‌ஷாப்புல கெடக்கு. ஒருத்தருக்கு நெஞ்சு வலி. வெரசா வாங்க."

நோயாளியைப் பின்னால் படுக்க வைத்து மலையிறங்கினேன். வளைவில் எதிரே ஒரு வெள்ளை வேகன். இரண்டு தடவை லைட். ஓட்டுபவர் சிரித்தபடி கையைத் தூக்கினார். நான் ஹாரனை அழுத்தியபடி உரசாத குறையாகக் கடந்தேன்.

நோயாளிக்கு இப்போது பரவாயில்லை. பின்சீட்டை மகாராணி நிமிர்த்தப் போனாள். மடங்கியே கிடக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் குழுவில் புது ஆள் ஒருவர் படம் போட்டிருந்தார். பனியில் ஒரு வண்டியின் பின்பக்கம், நம்பர் தெரியவில்லை. "போடிமெட்டில் நம்ம ஆள் ஒருத்தர், ஆனா செம திமிர்." கீழே ஜெகதீஷ்: "விடாதீங்க, நிறுத்திக் கேளுங்க."

அவசரமாக எழுதிப் போட்டேன்: "அது நான்தான். ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், நிறுத்திவிடாதீர்கள்."