முகூர்த்தத்துக்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள்

பிப்ரவரி 6, வியாழன்

திருநெல்வேலி வந்து இறங்கியாயிற்று. ஒரே தம்பிக்குக் கல்யாணம், நாலு நாள் முன்னாலேயே வராமல் எப்படி? சிவகணேஷ் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ஆனால் கார் டவுனுக்குப் போகாமல் பைபாஸ் பக்கம் திரும்பியது.

"வீட்ல பெயிண்ட் அடிக்காவக்கா. அந்த வாடை உனக்கு ஆவாதுல்லா? ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கேன். நிம்மதியா இரு."

அறை நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் வாழை, அதற்கு அப்பால் லாரிகள். மேஜைமேல் 'அருகில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஓர் அட்டை. அதிலேயே பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறான்: வெள்ளி கிருஷ்ணாபுரம், சனி பாபநாசம், ஞாயிறு கூந்தன்குளம். டவுனிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறான்! சிரித்துவிட்டேன். ஆனாலும் மனசு நிறைந்துதான் இருந்தது. மஸ்கட் வாழ்க்கை விவாகரத்தில் முடிந்து, ஓசூரில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில், 'எங்கேயாவது போய்ட்டு வா' என்று யார் என்னிடம் சொன்னார்கள்?

பிப்ரவரி 7, வெள்ளி

கிருஷ்ணாபுரம். குறவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அந்தத் தூணின் முன்னால் வெகுநேரம் நின்றேன். விலா எலும்பைக்கூட எண்ணிவிடலாம். டிரைவர் சொரிமுத்து அவசரமே படவில்லை. "பைய பாருங்கக்கா" என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

மாலை அறையில் பைக்கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுப் பழகினேன். வெட்கக்கேடு, நாற்பத்தொரு வயசில்! ஆனால் தாலியில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும். மற்ற இரண்டும் நாத்தனாருடையது. பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நிற்பதும் அவள்தான். அங்கே கை நடுங்கினால் நன்றாகவா இருக்கும்?

சிவகணேஷிடம் பத்திரிகை கேட்டேன். "வீட்டு ஆளுக்கு எதுக்குக்கா பத்திரிகை? முகூர்த்தம் ஒம்பது மணிக்கு. எட்டரைக்கு கார் வரும்" என்று பதில் அனுப்பினான். நியாயம்தானே.

பிப்ரவரி 8, சனி

பாபநாசத்தில் குளித்தேன். தாமிரபரணித் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூன்று நாள் களைப்பும் போன இடம் தெரியவில்லை. மூன்று மணிக்கே திரும்பலாம் என்றேன். சொரிமுத்து அம்பையில் டீ குடித்தார். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம் என்றார். பிறகு டயரைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி ஓடுமா ஓடாதா?"

பாவம், மனுஷருக்குப் பொய் வரவில்லை. "ஆறு மணிக்கு முந்தி வண்டியத் திருப்பாதீங்கன்னு தம்பி சொல்லியிருக்காவக்கா. பொண்ணு வீட்டு ஆளுங்க இன்னைக்கு உங்க வீட்டுக்கு வாராவளாம்."

இது சித்தி வேலை. நிச்சயம் சித்தி வேலைதான். அம்மா போன பிறகு வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தம்பி அப்படிப்பட்டவன் இல்லை.

இல்லையா?

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. இருக்கட்டும்.

காலையில் ஹோட்டல் சாப்பாட்டு அறையில் ஒரே கூட்டம். என் மேஜையில் வந்து உட்கார்ந்த அம்மாள் மதுரைக்காரி, பெயர் நீலாம்பாள். நல்ல கலகலப்பு. "கல்யாணத்துக்கு வந்தோம். எங்களுக்குச் சொன்ன லாட்ஜ்ல இடம் பத்தலைன்னு நேத்து ராத்திரி நாங்களே இங்க மாறிக்கிட்டோம். அரை நாள் சும்மா கிடக்கு. இங்கிட்டு என்ன பாக்கலாம்?" என்று கேட்டாள். கிருஷ்ணாபுரத்தை மத்தியானம் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடுங்கள் என்றேன். கூந்தன்குளத்தில் இப்போது நாரைகள் குஞ்சு பொரித்திருக்கும் என்றேன். எழுதியே கொடுத்தேன், கிறுக்கி.

"யார் கல்யாணம்?"

"என் தங்கச்சி மக அபிராமிக்கு. மாப்பிள்ளை உங்க ஊருதான், சிவகணேஷ்னு பேரு."

எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "ஒரே ஒரு குறை. மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா, புருஷனோட மஸ்கட்ல இருக்காகளாம். முகூர்த்தம் காலைல ஆறு டூ ஏழரை. விமானம் அதுக்குள்ள வந்து சேராதாம். அதனால சித்தி மக கோமதிதான் விளக்குப் பிடிக்குது. மாப்பிள்ளையே வந்து ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னாரு."

மாப்பிள்ளையே வந்து. ரொம்ப வருத்தப்பட்டு.

அறைக்கு வந்து அவனுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவனுக்கு இடம் கொடுத்துப் பார்ப்போம் என்றுதான். "முகூர்த்தம் எத்தனை மணிக்குலே?"

"ஒம்பதுக்குத்தாங்கா, சொன்னேம்லா. பறவைகளைப் பாத்துட்டு வா, சூப்பரா இருக்கும்."

அடப்பாவி. ஒரு திக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் பிறக்கும், ஒன்பதுக்கு முடியும். அதையும் கணக்குப் பார்த்து நான் நம்புகிற மாதிரி ஒரு நேரம் சொல்லியிருக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு நான் போய் இறங்க வேண்டும், விமானத்திலிருந்து வந்தவள் மாதிரி. வாழாவெட்டி கை தாலியில் படக்கூடாது என்றால் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாமே. அழுதுவிட்டு ஒதுங்கியிருப்பேனே. அருவியும் பறவையும் காட்டி ஏமாற்றுவதற்கு நான் என்ன சின்னப்பிள்ளையா?

சொரிமுத்துவை அனுப்பிவிட்டேன். கூந்தன்குளம் போகவில்லை.

சாயங்காலம் வராந்தாவில் நீலாம்பாள் பிடித்துக்கொண்டாள். நான் சொன்ன இடமெல்லாம் அருமையாம். "தனியா இங்க இருந்து என்ன செய்யப் போறீக? காலைல எங்க வேன்லயே கல்யாணத்துக்கு வாங்க."

வருகிறேன் என்றேன். நான் யாரென்று சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

விடிவதற்குள் மண்டபம். பெண் வீட்டார் பக்கம், இரண்டாவது வரிசை. மணையில் இருந்த சிவகணேஷ் தற்செயலாகத் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை. சித்தி அவன் காதில் என்னவோ சொன்னாள். அவன் குனிந்துகொண்டான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

தாலித் தட்டு சுற்றி வந்தது. அட்சதை எடுக்க நான் கையை நீட்டியபோது வள்ளியூர்ப் பெரியப்பா தில்லைநாயகம் என்னைப் பார்த்துவிட்டார். இவர்கள் சொல்லிவைத்த கதை அவருக்கு எட்டவில்லை போலிருக்கிறது. மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "ஏளா சித்ரலேகா! கூடப்பொறந்தவன் தாலி கட்டுதான், நீ அங்கன போய் என்ன உக்காந்திருக்க? வந்து விளக்கைப் பிடி!"

மொத்தக் கூட்டமும் திரும்பியது. பெண்ணும் திரும்பினாள். கோமதி விளக்கை என் பக்கம் நீட்டினாள், பாவம். தம்பி என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் விளக்கைப் பிடிக்க எழுந்து ஓடியிருப்பேன், சத்தியமாக.

"அவ கையிலயே இருக்கட்டும் பெரியப்பா" என்றேன். "நான் பொண்ணு வீட்டோட வந்திருக்கேன்."

கெட்டிமேளம் கொட்டியது. இரண்டு முடிச்சையும் கோமதிதான் போட்டாள். என் பக்கத்தில் நீலாம்பாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கல்யாணப் பெண் மாலையோடு தனியாக வந்தாள். "நீங்கதான் மதினியா?" என்றாள்.

"ஆமா."

"எப்ப வந்தீங்க?"

"வியாழக்கிழமை."

அவள் மணமேடைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிவகணேஷ் வந்து நின்றான். "அபி, போட்டோவுக்குக் கூப்பிடுதாவ... அக்கா..." என்று இழுத்தான்.

அவள்தான் நிமிராமலே சொன்னாள். "நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."