பதினெட்டாம் திகதி ஆட்டம்

4 செப்டெம்பர் 1994, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வர, என்ர கூடப்பிறந்த கஸ்பர் அண்ணை கோயில் வாசலில் வைத்துச் சொன்னார்: "மக்டலீன், பதினெட்டாம் திகதி சீமோனுக்குப் பூசை குடுத்திருக்கிறன்." என்ன பூசை? செத்தவைக்குக் குடுக்கிற பூசையாம்.

என்ர மனுசன் செத்திட்டாரெண்டு ஆர் இவருக்குச் சொன்னது? தொண்ணூறில் மன்னார் றோட்டில் பஸ்ஸை மறித்து ஆமி அவரை இறக்கிக்கொண்டு போனது. பிறகு சேதியில்லை. சேதியில்லாட்டில் சாவோ? நாலு வருசம் காத்தது போதுமாம். பக்கத்து டவுண் பிக்கரிங்கில் பெண்சாதி செத்த ஒருவர் இருக்கிறாராம், நல்ல மனுசனாம். இப்ப விளங்குது கதை.

6, செவ்வாய்

தையல் பக்ரறியில் இரண்டு ஊசி முறித்தேன். பக்கத்து மெசின் மார்த்தா, சிலி நாட்டுக்காரி, "ஆரிலை கோவம்?" என்றாள். சொன்னேன். எழுபத்துமூன்றில் பட்டாளம் நாட்டைப் பிடித்தபோது அவளின் புருசனையும் கொண்டுபோனதாம். இருபத்தொரு வருசம். நான் நாலுக்கே களைத்துப்போனேன்.

பதினெட்டு அவர்களின் சுதந்திர தினம். ஹோல் எடுத்துக் கொண்டாடுகிறார்கள், வா என்றாள்.

9, வெள்ளி

அன்றைக்கோ சுதந்திரம் கிடைத்தது என்று கேட்டேன். இல்லையாம். 1810இல் அன்று பெரியாக்கள் கூடி, ஸ்பெயின் ராசாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே தாங்கள் ஆளத் துவங்கினார்களாம். சுதந்திரம் என்று அறிவிக்க இன்னும் எட்டு வருசம், இடையில் சண்டை. துவங்கின நாளைத்தான் கொண்டாடுகிற சனம். எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு கைதுடைக்கிற லேஞ்சியைச் சுழற்றி ஆடுவார்களாம். மார்த்தா மட்டும் தனிய, புருசனின் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு. "அவர் நிக்கவேண்டிய இடம் வெறுமையா இருக்கிறதை எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

14, புதன்

அண்ணைக்குப் போன் எடுத்து, பூசைப் பட்டியலில் இருந்து சீமோனின் பெயரை வெட்டச் சொன்னேன். "ஊர் என்ன சொல்லும் பிள்ளை?" கடல் தாண்டி வந்த இந்த மல்வேர்னில் ஏது ஊர்? "நீ பூசைக்கு இடைஞ்சல் செய்தால் உன்ர வாசல் மிதியன்" என்றார். மிதிக்கவேண்டாம். போங்கோ.

18, ஞாயிறு

காலையில் பங்குச் சுவாமியிடம் நானே போனேன். "இவர் செத்ததுக்கு அத்தாட்சி இல்லை. பெயரை வெட்டுங்கோ." பேனையை எடுத்து வெட்டினார். அண்ணை முன்வரிசை வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூசை கண்டுவிட்டு நேரே பஸ் எடுத்தேன்.

ஹோல் முழுக்கச் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடி. எம்பனாடா தந்தார்கள் — எங்கட பற்றிஸ் பலகாரத்தைவிடப் பெரிசு, உள்ளுக்கு அவித்த முட்டை. கிட்டார் துவங்க மார்த்தா எழும்பி என் கையையும் பிடித்தாள். நானும் சீமோனின் படத்தைச் சட்டையில் குத்தியிருந்தேன். எனக்கு எங்கை ஆடத் தெரியும்? லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தேன். முன்னுக்கு ஒருத்தரும் இல்லை. அழுதனான்தான். அழுதுகொண்டே நிலத்தை நல்லா மிதிச்சன்.

திரும்பினால் வாசலில் அண்ணை. பஸ்ஸுக்குப் பின்னால் கார் ஓடி வந்திருக்கிறார், என்னை இழுத்துக்கொண்டு போகத்தானாக்கும். உள்ளே வரவில்லை. ஆட்டம் முடியுமட்டும் நின்றுவிட்டுப் போனார்.

19, திங்கள்

அவர் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கன்.

2 ஒக்ரோபர், ஞாயிறு

அண்ணை வந்தார். வாசல் மிதியன் என்றவர்தானே என்று நானும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து விரித்தார். காணாமல் போனவர்களைத் தேடச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் குடுக்கிற படிவம். தன் கையெழுத்தில் பாதி நிரப்பியிருந்தார்.

"சீமோன்ர படம் ஒண்டு வேணுமாம்."

அந்தப் படத்தைக் குடுத்தேன். மேலே இரண்டு ஊசி ஓட்டை. அண்ணை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"பரவாயில்லை," என்றார், "முகம் வடிவாத் தெரியுது."