சூட்டில் பொரித்த சேவல்கள்

மச்சானுக்கு சலாம். கடலூரில் முழங்கால் வலி தேவலையா?

இன்று சிதம்பரம் பண்ணையில் நான், டாக்டரம்மா கனிமொழி, மேஸ்திரி பழனிவேல் மூவரும் இருந்தோம். வெயில் தாங்கி வளரட்டும் என்று, முட்டையாக இருந்தபோதே அடை மெஷினில் கொஞ்சம் சூட்டைக் கூட்டிப் பொரித்தோமே, அந்தச் சேவல்களுக்கு இன்று பரீட்சை. இந்தக் கத்திரி வெயிலில் அதுகளால் முட்டையில் கரு பிடிக்காவிட்டால் எல்லாம் கறிக்கடைக்குத்தான்.

"முட்டையிலயே வெந்த பசங்க, இதுங்களாவது அப்பனாவுறதாவது!" என்றார் பழனிவேல்.

அந்தச் சேவல்களோடு விட்ட கோழிகள் இட்ட முட்டையை லைட்டில் காட்டினேன். உள்ளே கரு பிடித்த சிவப்பு நரம்பு! அடுத்ததிலும்! மற்றச் சேவல்களோடு விட்ட கோழிகள் இட்டதோ பாதிக்குமேல் வெறும் முட்டை.

"பீவிம்மா, இனிமே இதுங்கள யாரும் தொடக்கூடாது!" என்று டாக்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

நீங்கள் இல்லாமல் தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை; நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். பழனிவேலை மன்னித்துவிட்டேன். ஆனால், வளர்க்கச் சொல்லி இந்தக் கூட்டத்திலிருந்து நான் வீட்டுக்கு அனுப்பிய சேவலைப் பிரியாணி போட்டாளே உங்கள் தங்கை ஷரிபா, அவளை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.