உள்பக்கம் பிடியில்லாத கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், அவர், மாமியார் மூவரும் நலம். அத்தானுக்கு முதுகுவலி குறைந்ததா? கனமான எதையும் தூக்க வேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார், கொழுந்தியாள் சொன்னால் கேட்பார்.

உன் கடிதம் கிடைத்தது. சுவிட்ச்போர்டு கம்பெனியில் எனக்கு வேலை பேசி வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வயரிங் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளை நம்பி நாலு பேரிடம் பேசியிருக்கிறாய். உடனே பதில் போடாததற்குக் காரணம் அடுப்பு.

சமையல் அடுப்பு இல்லை. இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பெயிண்ட் தூவிச் சுட்டெடுக்கிற கரண்ட் அடுப்பு. இருநூறு டிகிரியில் பவுடர் உருகி இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் சைக்கிள் ஹேண்டில்பார் வைக்கிற அளவுக்கு ஒரு பெட்டி செய்தார். அவர் வெல்டிங், நான் வயரிங். "இது முடியட்டும், நீ தாராளமா உங்கக்கா ஊருக்குப் போ" என்றார். முடிந்தது. ஜன்னல் கிரில் நுழையவில்லை என்று பிரித்துப் பெரிதாக்கினார். மறுபடி ஹீட்டர் கம்பி, மறுபடி தடித்த கேபிள், மறுபடி நான். இப்போது முழு கேட்டே நிற்கிற அளவுக்குப் பின்னறை முழுவதும் அடுப்பாகிவிட்டது. ஆளே உள்ளே நடக்கலாம். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். மழை வந்தால் என் செருப்பைத்தான் முதலில் எடுத்து உள்ளே வைப்பார். ஆனால் அவருடைய 'இது முடியட்டும்' மட்டும் முடிவதே இல்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே. அடுப்புக்கு ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கின் கதவை வாங்கி வந்து மாட்டினார். நல்ல கனம். சாத்தினால் தானாகவே தாழ் விழும். அதற்குள் இருந்த நுரை சூடு தாங்காது என்று சுரண்டிவிட்டு, சூடு தாங்கும் பஞ்சை அடைத்தார். உள்ளே இருப்பவர் தள்ளித் திறக்க ஒரு பிளாஸ்டிக் பிடி இருந்தது. அதுவும் உருகிவிடும் என்று கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து மூடினார். "அடுப்புக்குள்ள யாரு குடியிருக்கப் போறா?" என்று கேலி வேறு.

அவர் போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் சூடேற்றிப் பார்ப்பதாகப் பேச்சு. நான் உள்ளே ஹீட்டர் கம்பிகளின் முனைகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். காற்றடித்து, கதவு சாத்திக்கொண்டு தாழ் விழுந்துவிட்டது. கத்தினேன், தட்டினேன். அத்தனை பஞ்சைத் தாண்டி எந்தச் சத்தம் போகும்? மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் நான் எந்த வேலையிலும் கை வைப்பேன். அதனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரியும். தெரிந்தும் பயம் விடவில்லை, கதவைக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் வந்திருக்கிறார். சுவிட்சைப் போட்டால் கரண்ட் இல்லை. என்னைக் கூப்பிட்டால் பதில் இல்லை. ஃபியூஸ் கட்டை இல்லையென்றால் நான் வேலையில் இருக்கிறேன் என்று அர்த்தம், அது அவருக்கும் தெரியும். கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம் இல்லையா? போல்ட் பையை அப்படியே போட்டுவிட்டு, "அவ போயிட்டாம்மா" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடியிருக்கிறார். ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கித் தேடினாராம்.

மாமியார்தான் காப்பாற்றினார். கேபிள் நுழைகிற ஓட்டையில் வாயை வைத்துக் கத்திக்கொண்டே இருந்தேன். சுவருக்குள் பூனை மாட்டிக்கொண்டது என்று நினைத்து வந்திருக்கிறார். கதவைத் திறந்தவர், "பூனைன்னு வந்தா மருமகளா இருக்கே!" என்று சொல்லிவிட்டு, என் தலையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவர் திரும்பி வந்தபோது நான் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? "உள்ளதான் இருந்தியா? அப்பாடா, நல்லவேளை!" சொல்லிவிட்டுச் சிரித்தார் அக்கா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அடைபட்டுக் கிடந்தது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அடுப்புக்குள் பயந்ததைவிட அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன்.

மறுநாளே உள்ளேயிருந்து தள்ளித் திறக்க இரும்புத் தண்டு வைத்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுப்பும் நன்றாக வேலை செய்கிறது. முதல் கேட் பச்சைப் பசேலென்று வந்தது. நேற்று வீட்டுக்கு முன்பக்கம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். இன்னொரு அடுப்பாம். "இது முடியட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு 'போகிறேன்' என்று சொல்ல வருவதில்லை.

அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாமென்று சொல்லிவை. இந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வா. பதில் கடிதம் போடாதே, நேரில் வந்து நில். அவரைத் திட்டாதே, நல்லபடியாகவே பேசு. அவர் அழ ஆரம்பித்தால் மட்டும் நிற்காதே, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நட. நான் வரவில்லை என்று சொல்வேன். அப்போதும் விட்டுவிடாதே அக்கா.

உன் வருகையை எதிர்பார்க்கும்
தங்கை