முன்சக்கரத்து மணல்

இன்று காலை உன் நாற்காலியின் முன்சக்கரத்தைக் கழற்றினேன். அச்சிலிருந்து ஒரு சிட்டிகை மணல் கீழே விரித்திருந்த செய்தித்தாளில் உதிர்ந்தது. கடல் மணல். நாம் கடலுக்குப் போய் வந்து நான்கு வருடம் ஆகிறது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அத்தனை நாளும் அது அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நேற்றுதான் ராஜபாளையம் வந்து உன் மனைவியிடம் நாற்காலியைக் கேட்டேன். "எதுக்குண்ணே?" என்றாள். ஒரு கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவள் உள்ளே போய், இடுப்பில் கட்டும் அந்தப் பெல்ட்டையும் எடுத்துவந்து இருக்கையில் வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை அதை நான் தொடவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. உனக்குத் தெரியும் என்பது வேறு.

எங்கள் பேப்பரின் மாவட்டப் பக்கத்தை மதியம் மூன்று மணிக்கு முடித்துவிடுவார்கள். திறப்பு விழாக்கள் மாலையில் நடக்கும். அதனால் அழைப்பிதழையும் அரசின் செய்திக் குறிப்பையும் வைத்துக்கொண்டு, நடக்கப்போகும் விழாவை நடந்து முடிந்ததாகக் காலையிலேயே எழுதி அனுப்பிவிடுவோம். முப்பது வருடமாக அப்படித்தான் எழுதினேன். மழையில் விழா நின்றுபோனால் மறுநாள் ஒரு வரி திருத்தம். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம் கடலோர ஊரின் நிருபர் விடுப்பில் இருந்தார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகக் கடற்கரையில் பலகைப் பாதை திறக்கும் செய்தி என்னிடம் வந்தது. குறிப்பில் "கடல் வரை" என்று இருந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மேசையில் உட்கார்ந்தபடி, "இனி சக்கர நாற்காலியில் வருவோரும் அலையில் கால் நனைக்கலாம்" என்று முடித்தேன். நல்ல வரி என்றுகூட நினைத்தேன்.

அதை நீ வெட்டி வைத்திருந்தாய். மறுநாள் உன் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாய்.

"ஏலே, நீ எழுதுனதுதான? போய்ப் பாத்தியா?"

"பாக்காம எழுதுவனாலே" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். இரண்டே வார்த்தை.

நீ மில்லில் ஃபிட்டராக இருந்தவன். கூரையில் காற்றுக்குழாய் வேலை பார்க்கும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பத்து வருடம் ஆகியிருந்தது. விழுவதற்கு முந்தின வருடம் குடும்பத்தோடு கடலுக்குப் போனபோது, புது வேட்டி நனைந்துவிடும் என்று நீ மட்டும் கரையிலேயே நின்றுவிட்டாய். காலைப் பற்றி, வேலையைப் பற்றி நீ புலம்பி நான் கேட்டதில்லை. இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாய். "அன்னைக்கு இறங்கியிருக்கலாம்லே. எம்புட்டு வேட்டி கிழிச்சாச்சு அதுக்குப் பொறவு."

வேன் பிடித்துப் போனோம். நீ, நான், உன் மனைவி. வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். குறிப்பில் இருந்தது உண்மையாக இருக்க வேண்டுமே என்று மட்டும்தான் நான் நினைத்தேன்.

பாதை இருந்தது. நல்ல பலகை, இருபுறமும் கைப்பிடி. நீயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் போனாய். சட்டென்று நின்றாய். பலகை அங்கே முடிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் மணல். தண்ணீர் அறுபது, எழுபது அடி தள்ளி இருந்தது.

நீ கடலைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாய்.

"ஏலே, நீயும் இன்னைக்குத்தான் மொத தடவ பாக்குற, என்ன?"

நீ திட்டவில்லை. "சரி, இம்புட்டு தூரம் வந்தாச்சு. தள்ளு" என்றாய். உன் மனைவி வேண்டாம் என்றாள். முதுகு நிற்காதென்று பெல்ட்டை இறுக்கிவிட்டாள். அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் வேண்டாம் என்றிருப்பேன். தள்ளினேன்.

ஈர மணல் வரை எப்படியோ வந்துவிட்டோம். முதல் அலை உன் காலைத் தொட்டபோது நீ குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாய். அடுத்த அலை திரும்பும்போது முன்சக்கரங்களுக்கு அடியிலிருந்த மணலை இழுத்துக்கொண்டு போனது. நாற்காலி முன்னால் சாய்ந்தது. குழியிலிருந்து ஏற்றிவிட நான் முன்னால் தள்ளத் தள்ளச் சக்கரங்கள் இன்னும் புதைந்தன. தண்ணீர் உன் முழங்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு. பெல்ட்டின் கொக்கியில் மணல் ஏறி, என் விரலுக்கு அது அசையவில்லை. உன் மனைவி பின்னால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

ஆள் கூட்டிவர ஓடினேன். நீ சொன்னது அலைச் சத்தத்திலும் கேட்டது. "விட்டுட்டுப் போகாதலே."

போனேன். போகாவிட்டால் வேறு வழியில்லை என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஓடும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது முறை உன் தலை மட்டும் தெரிந்தது.

படகருகே வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் என்னை ஒரு கையால் ஒதுக்கினார். "முன்னால தள்ளுனா குழியிலதான் இறங்கும். சாய்ச்சுப் பின்னால இழுக்கணும். இதுகூடத் தெரியாம தண்ணிக்குள்ள கொண்டாந்துட்டீரா?" இருவரும் நாற்காலியைத் தூக்கிப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி இழுத்தார்கள். பலகைக்கு வந்துவிட்டது. அது இரண்டு நிமிட வேலை.

நீ இருமிக்கொண்டே சிரித்தாய். "உன் பேப்பர்ல போட்டது சரிதாம்லே. கால் நனைஞ்சிட்டு."

வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் உன் மனைவி பார்த்திருக்கிறாள். பாதத்தைக் கிளிஞ்சல் நீளமாகக் கிழித்திருந்தது. உனக்குத் தெரியவே இல்லை. அது ஆற மூன்று மாதம் ஆனது. இரண்டு வருடம் கழித்து சிறுநீரகம் கெட்டு நீ போனபோது, அந்தக் காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையேதான் சொன்னார். மூன்றாவது முறை கேட்கப் பயமாக இருந்தது.

போன வாரம் வேறொரு கடற்கரையில் இதேபோல் பாதை திறக்கப்போவதாகக் குறிப்பு வந்தது. இதிலும் "கடல் வரை" என்றுதான் இருக்கிறது. முன்னோட்டமாக நான்கு வரி போட்டார்கள். அதைப் படித்துவிட்டு நேற்று காலை மம்சாபுரத்திலிருந்து ஒரு பெண் ஃபோனில் பேசினாள். அவளுடைய தம்பிக்கு இருபத்து மூன்று வயது, பைக் விபத்துக்குப் பிறகு நாற்காலியில் இருக்கிறான்.

"சார், பேப்பர்ல பாத்ததிலிருந்து வண்டி பிடி, வண்டி பிடின்னு உசுர வாங்குதான். பாதை தண்ணி வரைக்கும் போகுதா சார்? நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கலம்மா. நாளன்னைக்குச் சாயங்காலம் நானே கூப்பிடுதேன். அதுவரைக்கும் கிளம்பிராதீக" என்றேன்.

அந்தச் சாயங்காலம் நாளைக்குத்தான். விழாவும் நாளைக்குத்தான். மூன்று மணிக்குச் செய்தி வராது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். "நடந்து பாத்தாப் போதாதாண்ணே, நாற்காலி எதுக்கு?" என்று சிரித்தார்கள். நடக்கிறவனுக்குப் பலகை முடிகிற இடம் தெரியாது. அடுத்த அடியை மணலில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

மணலைத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு மாட்டிவிட்டேன். நன்றாகச் சுழல்கிறது. கொஞ்சம் முன்பு அதில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி விழுந்த சத்தத்தில் உடம்பு வேர்த்துவிட்டது. கழற்றினேன். மறுபடி போட்டேன். ஈரக் கையோடு, கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வருகிறதா என்று ஏழெட்டு முறை பார்த்தேன். வருகிறது.

நாளை பலகை எங்கே முடிகிறதோ அங்கே நிற்பேன். அங்கிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று டேப் பிடித்துப் பார்ப்பேன். முதலில் அந்தப் பெண்ணுக்குச் சொல்வேன், பிறகு பேப்பருக்கு எழுதுவேன். அவள் தம்பி ஆசைப்பட்டு அழுதாலும் அந்த எண்ணைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நீ கேட்டாயே, போய்ப் பார்த்தாயா என்று. நாளைக்குத்தான்லே போகிறேன்.