எதை விடச் சொன்னாய்?

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. கம்ப்யூட்டர் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், நைட் டூட்டி முடிந்து வந்தால் போனைத் தூர வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, யாராவது பார்த்தால் மட்டும் நொண்டுகிறார். அண்ணன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, உன் அத்தையை அவள் கூப்பிடும் அழகைக் கேட்டு வீடே சிரிக்கிறது, அத்தைக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னை எப்போதும் வார்டில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், நான் கேட்க வந்தது மறந்துபோய் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவார். படிக்காமல் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன், எப்படியும் படிப்பார்.

முன்னறையில் எம்ப்ராய்டரி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறதே பழைய கம்ப்யூட்டர், அதற்கு இப்போது ரொம்ப முடியவில்லை. ஆன் செய்தால் மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம், ஒரு டிசைனைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் துணி காயப்போட்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கும். சரி, புதிது வாங்கினோம். ஒல்லியாக, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் டிஸ்க் போட வாயே இல்லை. நம் டிசைன் சாப்ட்வேரோ டிஸ்க்கில் வாங்கியது. ரிப்பேர்க்காரர் தனியாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சொருகி எப்படியோ ஏற்றிவிட்டார். உறையில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். இந்த எண் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லிவிட்டது. வேறொரு கணினி யாருடையது, என்னுடையதுதானே? அதே மேஜையில் இதன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதற்கு அதைத் தெரியவில்லை, அதற்கு இதைத் தெரியவில்லை, நடுவில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், குரலில் தேன் ஒழுகுகிறது. "அந்தப் பழைய வெர்ஷன் இப்ப இல்லம்மா, மாசச் சந்தாவுல சேர்ந்துக்கோங்க" என்றாள். நான் புதிதாக வாங்கக் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கியதை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றத்தான் வழி கேட்கிறேன் என்று நிதானமாகச் சொன்னேன். "புரியுதும்மா, சந்தாவுல சேர்ந்துக்கோங்க" என்றாள். என்ன புரிந்ததோ. சந்தாவை நிறுத்தினால் நான் போட்ட டிசைனெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். "டிசைன் உங்களோடதுதாம்மா, திறக்கத்தான் முடியாது" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. பீரோ என்னுடையது, உள்ளே இருக்கிற துணி என்னுடையது, சாவி மட்டும் வாடகைக்கா? பள்ளிக்கூட பேட்ஜ், ஆஸ்பத்திரிக் கோட்டுக்குப் போடுகிற பெயர்கள், அந்த ஹோட்டல்காரர் கேட்ட சேவல் என்று கண் எரிய எரிய ஒவ்வொரு தையலாக நான் அடுக்கியதெல்லாம் அந்த சாப்ட்வேரில்தான் திறக்கும். அது கையை விட்டுப் போனால் நான் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ரிப்பேர்க்காரர்தான் பழைய கம்ப்யூட்டரில் எங்கேயோ மூலையில் ஒன்றைக் காட்டினார். இந்தக் கணினியிலிருந்து உரிமத்தை விடுவிக்கவா என்று கேட்டது. "இது விட்டாத்தாம்மா அது புடிக்கும்" என்றார். உரிமத்தை யாராவது தானாக விடுவார்களா? இது விட்டு அது பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்றேன், "புடிக்கணுமே" என்று இழுத்தார். இழுத்ததைக் கேட்டபிறகு எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் உனக்குப் போன் செய்தேன். பின்னால் யாரோ டிராலியைத் தள்ளுகிற சத்தம், நான் சொன்னதில் பாதி உனக்குக் கேட்டதோ என்னவோ, "விட்டுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஆகா, பெண்ணே சொல்லிவிட்டாள் என்று விட்டுவிட்டேன். பழையது நன்றி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. சாயங்காலம் உன் மெசேஜ் வருகிறது, சந்தாவுக்கு என் கார்டு நம்பரை அனுப்பட்டுமா என்று! அப்போதுதான் உறைத்தது. நீ விடச் சொன்னது பழைய நம்பரோடு மல்லுக்கட்டுவதை, நான் விட்டது உரிமத்தை. "ரெண்டு பேரும் ஒரே பாஷைதானே பேசறீங்க?" என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. நீ கட்டுகிறேன் என்றது மனதுக்கு நிறைவாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டாம். என் கை ஓடுகிற வரைக்கும் என் சாவி என்னிடமே இருக்கட்டும்.

இனிமேல்தான் அசல் குழப்பம். மறுநாள் புதியதில் நம்பரைத் தட்டினால் இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், உரிமையாளர் நீங்கள்தானா என்று உறுதி செய்ய ஒரு கேள்வி கேட்டது. போன லீவில் நீ வந்திருந்தபோது அந்த சாப்ட்வேர் அடம்பிடித்து, நீதானே உட்கார்ந்து பாஸ்வேர்டு எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாய்? அப்போது நீ பொறுக்கி வைத்த கேள்வியாம். உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானவர் யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அம்மா என்று தட்டினேன். தவறு என்றது. எழுத்து விட்டுப்போயிருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, நகரு என்று என்னைத் தள்ளிவிட்டு, முழங்கால் வலியெல்லாம் மறந்து உட்கார்ந்து அப்பா என்று தட்டினார். அதுவும் தவறு. அப்போது அவர் முகத்தைப் பார்த்து எனக்கு வந்த சிரிப்பில் என் வருத்தம் பாதி போயிற்று. அண்ணன் பெயரைப் போட்டோம், தவறு. பூனையாக இருக்குமோ என்று அப்பா சொன்னார், போட்டோம், பூனையும் இல்லை. ரிப்பேர்க்காரர் பாவம், இங்கிதம் தெரிந்தவர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி இருக்கிறதாம். அதிலும் தவறினால் நம்பர் செல்லாது, அப்புறம் தேன்குரல்காரியிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கோட்டெல்லாம் பெயரில்லாமல் மடித்தபடி இருக்கிறது.

எனக்கு வருத்தமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. உன்னைப் பெற்றவள் நான், உன் மனதில் இருப்பவர் யார் என்று ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அத்தை ஒரு இடம் சொன்னாள், நீ இப்போது வேண்டாம் என்றாய். இன்னொன்று சொன்னாள், அதற்கும் இப்போது வேண்டாம் என்றாய். இப்போது வேண்டாம் என்றால் பிறகு வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். அதுவும் அந்த விட்டுடு மாதிரிதான் போலிருக்கிறது. ராத்திரி படுத்துக்கொண்டு நீ போனில் சொன்னதையெல்லாம் யோசித்தேன். மழையில் உன்னைக் கொண்டுவந்து விட்டவர் எங்க பிசியோ, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வந்தவர் எங்க பிசியோ, எந்தக் கடையில் நல்ல செருப்பு கிடைக்கும் என்று சொன்னவரும் எங்க பிசியோ. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவருக்கு உன் செருப்பில் என்ன வேலை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் பிசியோ என்றே தட்டிவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். கடைசித் தடவையாயிற்றே என்று எடுத்துவிட்டேன். இதைப் போனில் கேட்டால் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய், கடிதத்தை வைக்க முடியாதே. அப்பாவுக்கும் கோபம் இல்லை, பூனையாவது இருந்திருக்கலாம் என்கிறார், அவ்வளவுதான்.

மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நினைத்தபடி நன்றாக வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எழுதி அனுப்பு. ஓர் எழுத்து பிசகினாலும் திறக்காதாம். எனக்கும் அவர் பெயரை முதல் தடவை எழுதும்போது தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா